மெஷினுக்கு லீவு

"மிக்ஸியைத் தொடாதே!"

தினகரன் போட்ட சத்தத்தில் வினிதாவின் கையிலிருந்த தேங்காய்ச் சில்லு தரையில் விழுந்தது. அடுப்பில் தோசைக்கல் புகைந்துகொண்டிருந்தது. மேடைமேல் மிக்ஸி, நெற்றி நிறையச் சந்தனமும் குங்குமமும், மூடியில் ஒரு துண்டு கதம்பமுமாகக் கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தது.

"சாயங்காலம்தானே பூஜை போட்டேன்? நாளைக்கு நல்ல நேரத்துலதான் ஓட்டணும். அதுவரைக்கும் அதுக்கு லீவு."

"அப்ப சட்னி?"

"அம்மியில அரைச்சுக்கோயேன். ருசியா இருக்கும்."

"அம்மிக்கும் நீங்கதான் பொட்டு வச்சிருக்கீங்க. போய்ப் பாருங்க."

வைத்துத்தான் இருந்தான். ஆயுத பூஜை என்று வந்துவிட்டால் தினகரனுக்கு ஒரு வேகம் வந்துவிடும். கிரைண்டர், இஸ்திரிப் பெட்டி, அரிவாள்மனை, தண்ணீர் மோட்டார், பைக் என்று ஆரம்பித்து, முனை மழுங்கிய ஸ்க்ரூடிரைவர் வரைக்கும் ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

"இந்த வீட்டுல பொட்டு வைக்காம பாக்கி இருக்கிறது என் ரெண்டு கை மட்டும்தான்," என்றாள் வினிதா. "அதனால அது மட்டும் ஓடலாம். அப்படித்தானே?"

பதில் தெரியாத கேள்வி வந்தால் தினகரன் டி.வி. போடுவான். ரிமோட்டைக் கையில் எடுத்த பிறகுதான் டி.வி.க்கும் பொட்டு வைத்தது ஞாபகம் வந்தது. ரிமோட்டைக் கீழே வைத்துவிட்டு, இட்லிப் பொடியில் எண்ணெய் ஊற்றிக் குழைக்க ஆரம்பித்தான்.

சண்டை சட்னிக்காக இல்லை. மறுநாள் விஜயதசமி. அனகாபுத்தூர் மெயின் ரோட்டில், மெடிக்கல் ஷாப்புக்குப் பக்கத்தில் வினிதாவின் தையற்கடை திறப்பு. எக்ஸ்போர்ட் கம்பெனியில் வருஷக்கணக்காகச் சட்டைக் காலர் தைத்து, லீவு கேட்ட போதெல்லாம் கையைப் பிசைந்துகொண்டு நின்று, போதும்டா சாமி என்று வெளியே வந்து அவள் எடுத்த கடை. அங்கே பக்கத்து மெஷினில் இருந்த ஷீலாவையும், "நம்ம கடைக்கு வந்துடு ஷீலா, இங்க லீவுக்குக் கெஞ்ச வேணாம்" என்று சொல்லிக் கூட்டிவந்திருந்தாள். காலை பத்தரைக்குள் நல்ல நேரம். முதல் தையலைத் தினகரன் போட வேண்டும் என்பது அவள் ஆசை. அவனுக்குத் தைக்கத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன, கோணலாகப் போட்டாலும் அவன் போட வேண்டும்.

"நாளைக்கு வருவீங்களா, மாட்டீங்களா? அதை மட்டும் சொல்லுங்க."

"வராம எங்க போறேன்? கம்பெனியில மெஷினை ஆன் பண்ணி வச்சுட்டு ஓடி வந்துடறேன்."

"நாளைக்கு காந்தி ஜெயந்திங்க. ஊருக்கே லீவு."

"விஜயதசமியும்தானே வருது? அன்னைக்கு மெஷினை ஓட்டலன்னா வருஷம் பூரா விளங்காதுன்னு சார் சொல்றார்."

"சரி. இன்னைக்கும்தான் லீவு. காலையில போய் சாயங்காலம்தானே வந்தீங்க?"

"இன்னைக்கு வேலை எங்க பார்த்தோம்? மெஷினே ஓடலையே. மெஷின் ஓடாம, அது எப்படி வேலை ஆகும்?"

வினிதா அவனை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். அந்தச் சிரிப்பு தினகரனுக்கு அறவே பிடிக்கவில்லை.

"நகக்கண்ணெல்லாம் கிரீஸ். சட்டையெல்லாம் மண்ணெண்ணெய் நாத்தம். இடுப்பு பிடிச்சுக்கிச்சுன்னு வந்ததும் தைலம் கேட்டீங்க. ஆனா மெஷின் ஓடல, அதனால அது வேலை இல்ல! இதைக் கண்டுபிடிச்ச மகராசன் யாருங்க?"

யார் என்று தினகரன் சொல்லவில்லை. கண்டுபிடித்தவன் அவன்தான்.

"அது மட்டும் இல்ல வினி," என்றான், கொஞ்சம் குரலைத் தாழ்த்தி. "நாளைக்கு எல்லார் முன்னாடியும் என்னை மேனேஜர்னு சொல்லப் போறார். வாக்கே கொடுத்துட்டார்."

"போன விஜயதசமிக்கும் கொடுத்தார்."

"இந்தத் தடவை கேபினே ரெடி. நாற்காலி வந்து இறங்கிடுச்சு."

"மேனேஜர் ஆகுங்க, மந்திரி ஆகுங்க, எனக்கு சந்தோஷம்தான். ஆனா நல்ல நேரத்துக்குள்ள நீங்க வந்து நிக்கல, அப்புறம் என் கடைப் பக்கமே வராதீங்க."

தோசை தீய்ந்த வாடை வந்தது. வினிதா தோசைத் திருப்பியை எடுத்துக்கொண்டு அடுப்புப் பக்கம் திரும்பினாள்.

தினகரன் வேலை பார்ப்பது திருமுடிவாக்கம் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில். கார்களுக்குப் போகும் சின்னச் சின்ன இரும்புப் பட்டைகளை பிரஸ்ஸில் அடித்து, துளை போட்டு, பெட்டியில் அடுக்கி, லாட் லாட்டாக அனுப்புகிற கம்பெனி. முதலாளி லக்ஷ்மிநாராயணன். அவரைக் கெட்டவர் என்று யாரும் சொல்லிவிட முடியாது. அதட்டிப் பேச மாட்டார். யாராவது லீவு கேட்டால் முகம் வாடிப்போய், "நாம எல்லாம் ஒரே குடும்பம் இல்லியாப்பா?" என்பார். குடும்பத்தில் யார் லீவு போட முடியும்?

ஒரு ஆயுத பூஜை நாளில்தான் வினை ஆரம்பித்தது. பிரஸ் ஓட்டும் அன்பு, கையில் மண்ணெண்ணெய்த் துணியோடு முதலாளி எதிரில் வந்து நின்றான். "சார், இன்னிக்கு லீவு நாளு. எங்கள வரச் சொல்லி மெஷின கய்வ வுட்டுகினு கீற. இதுக்கு ரெட்டச் சம்பளமா, இல்ல வேற ஒரு நாளு லீவு தருவியா? ரெண்டுல ஒண்ணு குடுக்கணும்னு சொல்றாங்களே," என்று கேட்டுவிட்டான். முதலாளி அக்கம்பக்கம் பார்த்தார். பக்கத்தில் சந்தனக் கிண்ணத்தோடு நின்ற தினகரனின் வாயில்தான் அந்தப் பொன்மொழி உதித்தது. "மெஷினே ஓடல அன்பு. மெஷின் ஓடாம, அது எப்படி வேலை ஆகும்? இது பக்தி."

அன்பு துணியோடு மெஷினிடம் திரும்பிப் போனான். முதலாளி தினகரனின் தோளைத் தட்டி, "நீதான்யா என் மேனேஜர்!" என்றார். அந்த ஒரு வார்த்தை தினகரனின் காதுக்குள் போனது, இன்றுவரை வெளியே வரவில்லை.

அதற்குப் பிறகு அவன் மூளை ஓவர்டைம் பார்க்க ஆரம்பித்தது. சுதந்திர தினத்துக்குக் கொடியேற்ற எல்லோரையும் வரவழைத்து, ஆளுக்கொரு மிட்டாய் கொடுத்து, "வந்தது வந்தாச்சு, ஒரு லாட் அடிச்சுட்டுப் போயிடலாமே" என்று சொல்லலாம் என்ற யோசனை அவனுடையது. மே தினத்தில் ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவைத்துக்கொண்டு உள்ளே வேலை நடத்தலாம் என்பதும் அவனுடையதே. ஷட்டரை இறக்கினால் கண்ணுக்குத் தெரியாது, சரி. பிரஸ் அடிக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்குமே என்பது மட்டும் அந்த மூளைக்குத் தோன்றவில்லை.

இத்தனைக்கும் அந்த நாட்களில் எல்லாம் தினகரனும் உள்ளேதான் நின்றான். ஆள் குறைந்தால் அவனே பிரஸ்ஸில் உட்கார்ந்தான். அவனுக்கு ஓவர்டைம் உண்டா என்று ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டபோது முதலாளி ஆச்சரியப்பட்டார். "என்னப்பா தினகரன், நீ ஸ்டாஃப். தொழிலாளியா என்ன?" அதில் அவனுக்கு ஒரே பெருமை. சரி, ஸ்டாஃபுக்கு ஏற்றபடி ஏதாவது பார்த்துச் செய்யுங்கள் என்று இன்னொரு முறை கேட்டான். "செய்யலாம், செய்யலாம். முதல்ல மேனேஜர் ஆகு," என்றார். இப்படித் தொழிலாளியும் ஆகாமல் மேனேஜரும் ஆகாமல் நடுவில் நின்றுகொண்டு, மற்றவர்கள் லீவைத் தின்று தானும் பட்டினி கிடந்த புத்திசாலி அந்த எஸ்டேட்டிலேயே அவன் ஒருவன்தான்.

காந்தி ஜெயந்தியன்று காலையில் கம்பெனி வாசலில் வாழைக்கன்றும் மாவிலைத் தோரணமும் கட்டி, ஷட்டரை வழக்கம்போல் முக்கால்வாசி இறக்கியிருந்தார்கள். முதலாளி பட்டு வேட்டியில், குடும்பத்தோடு காரில் வந்து இறங்கினார். குனிந்து உள்ளே நுழைந்து, கற்பூரம் காட்டி, பச்சைப் பட்டனை அழுத்தினார். பிரஸ் 'தடால்' என்று முதல் பட்டையை அடித்தது. எல்லோரும் கைதட்டினார்கள். தினகரன் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு ஓர் அடி முன்னால் வந்து நின்றான்.

முதலாளி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "திருநீர்மலைக் கோயில்ல கூட்டம் சேர்றதுக்குள்ள போயிடணும். தினகரன், கஸ்டமர் கம்பெனியிலேர்ந்து ஒரு மேடம் வந்தாலும் வரலாம். நல்லபடியா கவனிச்சுக்கோ. ஒரு லாட் முடிச்சு அனுப்பிடு."

"சார்... அந்த விஷயம்..."

"எந்த விஷயம்? ஓ! இந்தா." கேபின் சாவியை அவன் கையில் வைத்தார். "போய் உட்காரு. அறிவிப்பெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்."

கார் போய்விட்டது. தினகரன் சாவியை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மேனேஜர் ஆகிவிட்டோமா இல்லையா என்று அவனுக்கே விளங்கவில்லை. சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. வினிதா. அந்த மேடம் வந்து போனதும் எடுக்கலாம் என்று விட்டுவிட்டான்.

"அண்ணா," என்று அன்பு வந்தான். "எங்க பாப்பா வண்டலூர் ஜூவுக்குப் போலாம்னு ரிப்பன்லாம் கட்டிகினு வாசப்படில குந்திகினு கீதாம். எம் பொஞ்சாதி ஜாஸ்மின் போன் மேல போன் போட்டுகினு கீறா. லாட்ட நாளிக்கு அடிச்சிக்கலாமே, இன்னா இப்போ?"

"கஸ்டமர் மேடம் வரப்போ பிரஸ் நின்னா நல்லாவா இருக்கும்? கொஞ்சம் பொறு அன்பு."

"உனுக்கும் இன்னிக்கு அண்ணி கடை தொறப்பு இல்ல?"

"பொறுன்னு சொல்றேன்ல?"

அன்பு போய்ப் பெடலை மிதித்தான். மிதித்த வேகத்தில் அவன் மனதில் இருந்தது முழுவதும் தெரிந்தது. தினகரன் கண்ணாடிக் கேபினுக்குள் போய் புது நாற்காலியில் உட்கார்ந்தான். பிளாஸ்டிக் உறையைக் கூட இன்னும் பிரிக்கவில்லை. அசைந்தால் சரசரவென்று மானத்தை வாங்கியது. அசையாமல் உட்கார்ந்தான்.

கொஞ்ச நேரத்தில் ஷட்டருக்கு அடியில் ஓர் அம்மாள் குனிந்து உள்ளே வந்தார். சாதாரண நூல் புடவை, தோளில் பை, கையில் குடை. தினகரன் பாய்ந்து எழுந்தான்.

"வாங்க மேடம், வாங்க! உங்களைத்தான் எதிர்பார்த்துக்கிட்டே இருந்தோம்."

"என்னையா?" அந்த அம்மாள் நிஜமாகவே திகைத்துப்போனார்.

"சார் சொல்லிட்டுத்தான் போனார், நல்லபடியா கவனிச்சுக்கணும்னு. உட்காருங்க. சுண்டல் எடுத்துக்கோங்க. நேத்துப் பூஜை."

"நீங்க?"

"தினகரன். மேனேஜர்."

என்ன சுகம்! அந்த வார்த்தை வாயிலிருந்து வழுக்கிக்கொண்டு வந்தது. அதன் ருசியிலேயே அவன் மேற்கொண்டு பேச ஆரம்பித்தான்.

"இன்னைக்கு லீவு நாளாச்சே, ஆளுங்க வந்திருக்காங்களா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"ஒருத்தர் பாக்கியில்லாம வந்திருக்காங்க மேடம். எங்ககிட்ட அந்த லீவுப் பேச்சே கிடையாது. மே தினம், சுதந்திர தினம், எது வந்தாலும் பிரஸ் நிக்காது."

"நேத்து?"

"நேத்து மெஷினுக்கு மட்டும்தான் லீவு. ஆளுங்களுக்கு இல்ல!" சொல்லிவிட்டு அவனே சிரித்தான். அந்த அம்மாளும் லேசாகச் சிரித்தார்.

"வந்தவங்களுக்கு ரெட்டைச் சம்பளமா? இல்ல, மாத்து நாள் லீவா?"

"அதெல்லாம் நாங்க பழக்கல மேடம். பொரிப் பொட்டலம் கொடுத்துடுவோம். சந்தோஷமா வாங்கிப்பாங்க."

கண்ணாடிக்கு அப்பால் அன்பு பிரஸ்ஸை நிறுத்திவிட்டு, இரண்டு கையையும் ஆட்டி ஏதோ சைகை காட்டிக்கொண்டிருந்தான். ஜூவுக்குப் போகக் கேட்கிறான் என்று நினைத்துத் தினகரன் முறைத்தான்.

"ஷட்டரை ஏன் இப்படி இறக்கி வச்சிருக்கீங்க? உள்ள வர்றதுக்கே கஷ்டமா இருக்கு."

"அதுவா மேடம்? லேபர் டிபார்ட்மென்ட்காரங்க இந்த மாதிரி நாள்ல ரவுண்டு வருவாங்க. அவங்க கண்ணுல படக்கூடாதுன்னு ஒரு ஏற்பாடு. என் ஐடியாதான்."

அந்த அம்மாள் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"நான்தான் அந்த ரவுண்டு. கனகவல்லி, தொழிலாளர் ஆய்வாளர்."

நாற்காலி சரசரத்தது. அன்பு கை ஆட்டியது எதற்கென்று அப்போதுதான் தினகரனுக்கு உறைத்தது. ஒன்றைக்கூட மறைக்காமல் எல்லாவற்றையும் ஒப்பித்திருக்கிறான். எந்த அதிகாரியும் இதைவிடச் சுலபமாக ஒரு கேஸ் பிடித்திருக்க முடியாது.

"உங்க முதலாளிக்குப் போன் போடுங்க," என்றார் கனகவல்லி. "ஸ்பீக்கர்ல போடுங்க."

போட்டான். மணிச் சத்தத்துக்கும் கூட்ட இரைச்சலுக்கும் நடுவில் முதலாளியின் குரல் மூச்சு வாங்கிக்கொண்டு வந்தது. மலைப்படியில் ஏறிக்கொண்டிருக்கிறார் போலிருந்தது.

"யாரு, லேபரா? நமஸ்காரம் மேடம். எனக்கு ஒண்ணுமே தெரியாதும்மா. இன்னைக்கு லீவாச்சேன்னு நான் குடும்பத்தோட கோயிலுக்கு வந்திருக்கேன். ஆளுங்களுக்கெல்லாம் லீவு விடச் சொல்லிட்டேனே!"

"இங்கே எல்லாரும் வேலை பார்த்துட்டு இருக்காங்க சார். யார் பொறுப்பு?"

"மேனேஜர்தான் மேடம். மேனேஜர் தினகரன். சாவியே அவர்கிட்டதான் இருக்கு. எதுவானாலும் அவரையே கேளுங்க."

பிரஸ் நின்றிருந்ததால் அந்தக் குரல் கூடம் முழுவதும் கணீரென்று கேட்டது. எல்லோர் முன்னாலும் மேனேஜர் என்று அறிவிப்பதாகக் கொடுத்த வாக்கை லக்ஷ்மிநாராயணன் ஒருவழியாகக் காப்பாற்றிவிட்டார்.

வெட்கக்கேடு என்னவென்றால், அந்தச் சொல் காதில் விழுந்த கணத்தில் தினகரனுக்கு உள்ளூரக் கொஞ்சம் இனித்தது. அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. அதில் பாதிக்கு மேல் அவன்மேலேயே வந்த கோபம்.

கனகவல்லி எழுதுவதற்காகத் தாளை எடுத்தார். "லீவு நாள்ல வேலை வாங்கறதுன்னா தொழிலாளிங்க சம்மதம் வேணும். எங்களுக்கும் முன்கூட்டியே சொல்லணும். ரெட்டைச் சம்பளமோ மாத்து லீவோ தரணும். நீங்க ஒண்ணுமே செய்யல. நீங்க மேனேஜர்னா, முதலாளியோட சேர்த்து உங்க பேர்லயும் நடவடிக்கை வரும். எழுதிக்கட்டுமா?"

"மேடம்... நான் மேனேஜர் இல்ல."

"இப்பத்தானே சொன்னீங்க?"

"ஆசையில சொன்னேன் மேடம்."

யாரோ கதவருகில் சிரித்தார்கள். அன்பு உள்ளே தலையை நீட்டினான். "மெய்தான் மேடம். நேத்து எங்களோட மண்ணெண்ணெய்ல குளிச்சவரு இவரு. ஆளு இல்லன்னா பிரஸ்ஸும் ஓட்டுவாரு. வாய்தான் கொஞ்சம் ஓவரு."

கனகவல்லி தினகரனைப் பார்த்தார். "மேனேஜர்னா ஒருத்தரை வேலைக்கு எடுக்கலாம், நிறுத்தலாம், லீவு கொடுக்கலாம். உங்களால யாருக்காவது லீவு கொடுக்க முடியுமா?"

"எனக்கே என்னால கொடுத்துக்க முடியல மேடம்." அவன் கடிகாரத்தைப் பார்த்தான். "என் பொண்டாட்டி இன்னைக்குக் கடை திறக்கறா. நல்ல நேரம் போயிடுச்சு. நான் இங்க பிளாஸ்டிக் கவர்மேல உட்கார்ந்துட்டிருக்கேன்."

கனகவல்லி மெதுவாகச் சொன்னார். "தொழிலாளின்னு எழுதினா, வேலை வாங்கப்பட்டவங்க வரிசையில உங்க பேர் வரும். உங்க முதலாளி அதைப் படிப்பார். யோசிச்சுச் சொல்லுங்க."

யோசித்தான். கேபின் போகும். வேலையே கூடப் போகலாம். 'நீதான்யா என் மேனேஜர்' என்று இனி யாரும் தோளைத் தட்ட மாட்டார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எல்லோரும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இத்தனை காலமும் அவர்கள் மேய்க்கப்படுகிறவர்கள், தான் மேய்க்கிறவன் என்று நினைத்துக்கொண்டிருந்தானே, அந்தக் கோமாளியை நினைத்தால் அவனுக்கே சிரிப்பாக வந்தது.

"முதல் பேரா எழுதுங்க மேடம். தினகரன், தொழிலாளி. இந்த லீவையெல்லாம் கெடுக்க வழி சொன்னதும் நான்தான். வேணும்னா அதையும் எழுதிக்கோங்க."

"அதுக்கு என்கிட்ட கட்டம் இல்ல," என்றார் கனகவல்லி.

எல்லோர் பேரையும் எழுதி முடித்து அவர் எழுந்தபோது தினகரன் தயங்கிக் கேட்டான். "மேடம், உங்களுக்கும் இன்னைக்கு லீவுதானே?"

"ஆமா. எனக்கு இன்னொரு நாள் தருவாங்க. தரலன்னா கேட்பேன்."

சாவியை அந்தப் பிளாஸ்டிக் நாற்காலிமேல் வைத்துவிட்டுத் தினகரன் வெளியே வந்தான். கனகவல்லி குனிய வேண்டாம் என்று ஷட்டரை முழுவதுமாக மேலே தள்ளினான். பகல் வெளிச்சம் உள்ளே வந்து விழுந்தது. முந்தாநாள் வரை கரி பிடித்திருந்த பிரஸ், துடைத்த துடைப்பில் பளபளவென்று நின்றது.

"வரேங்க மேனேஜரே!" என்று கும்பிடு போட்டுவிட்டு அன்பு ஜூவுக்கு ஓடினான்.

அனகாபுத்தூருக்கு வண்டியை விரட்டிக்கொண்டு வந்தபோது கடை வாசலில் உடைத்த பூசணிக்காய் குங்குமத்தோடு சிதறிக் கிடந்தது. உள்ளே, பூப் போட்ட புதுத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் வினிதா கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது.

"ஆயிட்டீங்களா மேனேஜர்?"

"ஆனேன். ஒரு டீ குடிக்கிற நேரம் இருந்தேன். அப்புறம் ராஜினாமா பண்ணிட்டேன்."

நடந்ததை எல்லாம் சொன்னான். சுண்டல் கொடுத்ததைக் கூட விடவில்லை. திட்டுவதற்கென்றே சேர்த்து வைத்திருந்ததை மறந்து வினிதா கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் முகம் மாறியது.

"வேலை போயிடுமாங்க?"

"போனாலும் போகும்."

"போனா இங்க வாங்க. பட்டன் தைக்க ஆள் வேணும்." அவன் கையைப் பிடித்து மெஷினுக்கு முன்னால் உட்காரவைத்தாள். "நல்ல நேரம் போனா போகட்டும். நீங்க வர்ற வரைக்கும் மெஷினைத் தொடக்கூடாதுன்னு வச்சிருக்கேன். போடுங்க முதல் தையலை."

தினகரனுக்கு, இப்படி ஒருத்தியைக் காக்கவைத்துவிட்டு எந்த நாற்காலிக்கு நாக்கைத் தொங்கப் போட்டோம் என்று இருந்தது. துணியை ஊசிக்கு அடியில் வைக்கப் போனவன், பின்பக்கம் விளக்குமாறு தேய்க்கிற சத்தம் கேட்டுத் திரும்பினான்.

ஷீலா. புடவையை முழங்காலுக்கு ஏற்றிச் செருகிக்கொண்டு, வெட்டுத் துணிகளையும் சுண்ணாம்புத் தூளையும் கூட்டிக்கொண்டிருந்தாள். தரை கழுவியதில் பாதம் வெளுத்துப்போயிருந்தது. இடுப்பில் ஒரு பொரிப் பொட்டலம்.

"அக்கா, ஸ்கூல் லீவு, பாப்பா வீட்ல தனியா இருக்கா. நான் போகட்டுமா?" என்றாள். காலையிலிருந்து பலமுறை கேட்ட கேள்வி என்பது அவள் குரலிலேயே தெரிந்தது.

"இரு ஷீலா. வாசல்ல பூசணிக்காயை அள்ளிட்டு, அந்தத் துணியையும் அடுக்கிட்டுப் போயேன்."

"ஷீலாவுக்கு இன்னைக்கு லீவு இல்லியா வினி?" என்றான் தினகரன்.

"லீவுதாங்க! நான் என்ன அந்த எக்ஸ்போர்ட்காரன் மாதிரியா? இன்னைக்கு நாங்க எங்க வேலை பார்த்தோம்? மெஷின் ஓடாம, அது எப்படி வேலை..."

வினிதா சட்டென்று நிறுத்தினாள். அவள் கை தானாக வாயைப் பொத்திக்கொண்டது. தினகரன் அவளைப் பார்க்கவில்லை. அந்தப் பேச்சு அவன் பெற்ற பிள்ளை. கம்பெனியிலிருந்து கிளம்பி, வீட்டுக்கு வந்து, சட்னிச் சண்டையில் அடி வாங்கியும் சாகாமல், இங்கே புதுக் கடையில் வந்து அவனுக்கு முன்னால் உட்கார்ந்திருக்கிறது.

அவன் எழுந்து போய் ஷீலாவின் கையிலிருந்த விளக்குமாற்றை வாங்கினான்.

"நீ வீட்டுக்குப் போம்மா."

"ஐயோ அண்ணா, நீங்க போயா? அப்ப யாரு கூட்டுறது?"

தினகரன் லுங்கியை மடிப்பதுபோல் பேண்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுக்கொண்டான். வினிதா வாளியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள்.

"மேனேஜர் கூட்டுவார்," என்றான்.